தரிசு என்று பதிவான நிலம்

மரபுசாரா ஆற்றல் வளங்கள் பற்றி நம் மாணவர்கள் தொடக்க வகுப்பில் படமாகப் பார்க்கிறார்கள், நடுநிலையில் பத்தியாகப் படிக்கிறார்கள், உயர்நிலையில் பெருவினாவாக எழுதுகிறார்கள். 'மாசு இல்லாதது, தீர்ந்து போகாதது, எரிபொருள் செலவு இல்லாதது' என்று மூன்று குறிப்புகள் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். மூன்றும் சரியான குறிப்புகளே. ஆனால் அந்தத் தகடுகளையும் காற்றாலைகளையும் எந்த நிலத்தில் வைப்பது என்ற கேள்வி பாடத்தில் எங்குமே வருவதில்லை.

நான் பணியாற்றுவது இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில். இங்கே இந்தக் கேள்வியைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. பேருந்து சன்னலிலேயே தெரியும். கமுதி பக்கம் 2016இல் இயங்கத் தொடங்கிய சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். சுமார் 2,500 ஏக்கர் பரப்பில் 25 இலட்சம் தகடுகள். திறக்கப்பட்டபோது, ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. அதற்குப் பிறகு தென்மாவட்டங்களில் சிறிதும் பெரிதுமாகப் பல நிலையங்கள் வந்துவிட்டன. என் வகுப்பில் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்த வீட்டுப் பிள்ளையும் உண்டு, தகடு துடைக்கும் வேலைக்குப் போகிறவரின் பிள்ளையும் உண்டு, ஆடு மேய்ப்பவரின் பிள்ளையும் உண்டு. இந்தப் பாடத்தை இவர்கள் மூவருக்கும் சேர்த்து நடத்த வேண்டியிருப்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சூரிய ஒளி மின்சாரமும் காற்றாலையும் நமக்குக் கட்டாயம் தேவை. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் கடல்நீர் சூடானதால் 2010இலும் 2016இலும் பெருமளவில் வெளிறிப் போயின. அந்தக் கடலை நம்பி வாழும் ஊர்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். நிலக்கரி மின்சாரத்துக்கு நிலம் வேண்டாம் என்பதும் இல்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக எவ்வளவு விளைநிலம் போனது, எண்ணூரில் சாம்பல் எங்கே கொட்டப்பட்டது என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும். 2030க்குள் புதைபடிவமல்லாத மூலங்களிலிருந்து 500 ஜிகாவாட் திறன் என்பது நம் நாட்டின் இலக்கு. 2025 நடுவில் நாட்டின் மொத்த நிறுவுதிறனில் பாதி அப்படிப்பட்ட மூலங்களுக்கு வந்துவிட்டது. (நிறுவுதிறன் வேறு, உற்பத்தியாகும் யூனிட் வேறு என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது. இரவில் தகடு உறங்கும். உற்பத்தியில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது.) ஆக, இன்னும் நிறையத் தகடுகள் வரப்போகின்றன. எங்கே வரும், யாரைக் கேட்டு வரும் என்பதுதான் மீதியுள்ள கேள்வி.

ஒரு மெகாவாட்டுக்கு எத்தனை ஏக்கர்

இதைக் கணக்குப் பாடமாகவே தொடங்கலாம். சூரிய மின் நிலையத்துக்கு ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 ஏக்கர் வேண்டும். கமுதியின் 2,500 ஏக்கரை 648ஆல் வகுத்துப் பார்க்கச் சொன்னால் 3.9 அளவில் வரும். நம் வெயிலில் ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டுக்குச் சுமாராக 16 இலட்சம் யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவாகும் வீடு என்றால் ஆண்டுக்கு 1,200 யூனிட். வகுத்தால் 1,300 வீடுகளுக்கு மேல் வருகிறது. ஐந்து ஏக்கர் நிலம் 1,300 வீடுகளுக்கு விளக்கேற்றும் என்று கணக்கு வந்தவுடன் வகுப்பில் ஒரு வியப்பு எழும். எழட்டும், அது நியாயமான வியப்பு. அடுத்து, அதே ஐந்து ஏக்கரில் மானாவாரியாக என்ன விளையும், எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை இருக்கும் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். எங்கள் பகுதியில் நெல், குண்டு மிளகாய், குதிரைவாலி என்று பதில் வரும். மழை பொய்த்த ஆண்டில் 'ஒன்றுமில்லை' என்றும் வரும். அந்தப் பதிலையும் கரும்பலகையில் எழுத வேண்டும்.

பாடநூல்கள் காற்றையும் சூரியனையும் ஒரே பத்தியில் சேர்த்துவிடுகின்றன. நிலத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனை முறையில் காற்றாலைகள் நிறுத்தப்பட்ட காலத்திலிருந்து தென்தமிழகம் இவற்றைப் பார்த்து வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் போனால் காற்றாலைக்கு அடியிலேயே உழவு நடப்பதைப் பார்க்கலாம். அடித்தளமும் பாதையும் மட்டும்தான் நிலத்தை எடுத்துக்கொள்கின்றன. சூரிய மின் நிலையம் அப்படியில்லை. நிலத்தைச் சமப்படுத்தி, செடிகொடிகளை அகற்றி, சுற்றிலும் வேலி போட்டுவிடுவார்கள். அதன்பின் அந்த நிலத்துக்குள் ஆடும் போகாது, ஆளும் போக முடியாது.

தரிசு என்ற சொல்

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். 'விளைநிலத்தைத் தொட வேண்டாம், காட்டையும் தொட வேண்டாம், தரிசு நிலத்தில் வைத்துக்கொள்ளலாமே' என்பதுதான் எல்லோரும் சொல்லும் தீர்வு. பேச்சுப்போட்டியில் மாணவர்கள் சொல்கிறார்கள், அரசுத் திட்ட ஆவணங்களும் சொல்கின்றன. கேட்க நன்றாகவே இருக்கிறது.

சென்ற கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் எங்கள் ஊராட்சியின் நிலப் பயன்பாட்டை வரைபடமாக வரைந்துகொண்டிருந்தோம். கண்மாய்க்கு நீலம், வயலுக்குப் பச்சை, ஊருக்குச் சிவப்பு. தரிசுக்கு நிறம் வேண்டாம், வெள்ளையாகவே விட்டுவிடலாம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். அப்போது ஒரு மாணவி எழுந்து, "சார், அந்த வெள்ளை இடத்துலதான் எங்க ஆடு மேயுது. அதை ஏன் வெள்ளையா விடணும்?" என்று கேட்டாள். அன்றைய பாடவேளையின் மீதி நேரம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்கே போய்விட்டது.

தரிசு என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இரண்டு வகை உண்டு. தீர்வை என்றால் நிலவரி. வரி நிர்ணயமாகியும் யாருக்கும் பட்டா ஆகாமல் கிடப்பது முதல் வகை. வரியே நிர்ணயிக்காதது இரண்டாவது. ஆங்கிலேயர் கால நிலவரித் திட்டத்திலிருந்து வந்த பிரிவு இது. அரசுக்கு இந்த நிலத்திலிருந்து வருமானம் வருகிறதா என்ற கேள்விக்குத்தான் இது பதில் சொல்கிறது. அங்கே என்ன முளைக்கிறது, எது முட்டையிடுகிறது, யார் விறகு பொறுக்குகிறார்கள் என்று அது கேட்டதே இல்லை.

நம் விவசாயிகள் அதே சொல்லை வேறு பொருளில் சொல்வார்கள். "இந்த வருசம் தரிசாப் போட்டுட்டோம்" என்றால் பட்டா நிலம்தான், மழையோ ஆளோ கிடைக்காததால் விதைக்கவில்லை என்று பொருள். வேளாண் புள்ளிவிவரத்தில் இது 'நடப்புத் தரிசு'. ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டு வரை கிடந்தால் 'இதர தரிசு'. அதையும் தாண்டினால் சாகுபடிக்கு உகந்த தரிசு என்ற வகைக்குப் போய்விடும். மூன்று தொடர் வறட்சிகள் வந்தால் ஒரு நல்ல மானாவாரிப் புஞ்சை, பட்டியலில் மெல்ல மெல்ல இடம் மாறிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவதாக, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மத்திய அரசின் நிலவளத் துறையும் இஸ்ரோவின் தேசியத் தொலை உணர்வு மையமும் தயாரிக்கும் இந்தியத் தரிசு நில வரைபடநூல் இருக்கிறது. 2000இல் முதல் பதிப்பு, 2019இல் ஐந்தாவது. புதர் நிலம், மணற்பாங்கு, உவர்நிலம் எல்லாம் அதில் தரிசு வகைக்குள் வருகின்றன. நாட்டின் இயற்கைப் புல்வெளிகளில் பெரும்பாகம் இப்படித் தரிசு என்ற பெயரிலேயே அடங்கியிருக்கிறது. காடு என்றால் மரம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் 'இயற்கைக் காட்சி வரை' என்று சொல்லிப் பாருங்கள். மலையும் மரமும் வரும்; புல்வெளி வராது.

கீதாரியின் ஆண்டு

அந்த மாணவியின் வீட்டினர் கீதாரிகள். ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போய் வயல்களில் கிடை போடுபவர்களை எங்கள் பகுதியில் அப்படித்தான் அழைப்போம். அவளுடைய தாத்தாவை ஒருநாள் பள்ளிக்கு அழைத்துப் பேச வைத்தோம். அவர் சொன்ன ஆண்டுச் சுழற்சி பாடநூலில் இல்லாதது.

தை, மாசியில் காவிரிப் படுகையில் அறுவடை முடிந்ததும் மந்தையைத் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் ஓட்டிப் போவார்கள். பகலில் தாளடியை மேய்ந்து, இரவில் அதே வயலில் கிடை. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு அடியுரம். வயல்காரர் அதற்குப் பணமோ நெல்லோ கொடுப்பார். மறுபடி நடவு தொடங்கினால் அங்கே ஆட்டுக்கு இடமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கும் பயிர் நிற்கும். அந்த மாதங்களில் மந்தை எங்கே இருக்கும்? மேட்டுப் புறம்போக்கிலும் தரிசிலும்தான். மழைக்குத் துளிர்த்த கோரையும் அறுகும் புதர்களும் அப்போதைய தீவனம். குட்டி போடும் காலமும் பெரும்பாலும் அங்கேயே கழிகிறது.

இதைக் கேட்ட பிறகு ஒரு மாணவன் கேட்டான்: "அப்போ இங்க தரிசு போச்சுன்னா அங்க தஞ்சாவூர் வயலுக்கு எரு போயிரும்ல?" எவ்வளவு போகும் என்று என்னால் கணக்குச் சொல்ல முடியாது, ஆனால் அவன் பிடித்த இழை சரியானது. இராமநாதபுரத்தின் வெள்ளை இடம் ஒன்று, நூறு மைலுக்கு அப்பாலுள்ள பச்சை இடத்தோடு ஆட்டுக்கால்களால் இணைக்கப்பட்டிருக்கிறது. விளைநிலத்தைக் காப்பாற்றத் தரிசைக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கில் இந்த இணைப்பு தெரியாது.

தண்ணீரும் அப்படியே. எங்கள் மாவட்டம் கண்மாய்களை நம்பியது. நிலம் கிட்டத்தட்டத் தட்டை. கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்கால் சில இடங்களில் ஒரு முழ ஆழம்கூட இருக்காது. கோடையில் பார்த்தால் அது கால்வாய் என்றே தெரியாது. வடகிழக்குப் பருவமழையின் சில நாள் ஓட்டத்தை அது பிடித்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்த மேட்டு நிலத்தைச் சமப்படுத்தும்போது ஓட்டத்தின் திசை கொஞ்சம் மாறினாலும் கண்மாய் நிரம்பாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் மழைக்காலத்துக்குப் பின் கூழைக்கடாவும் நாரையும் வந்து தங்குகின்றன. இரண்டும் 2022இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு கண்மாயைக் காக்கும். நீர்பிடிப்புப் பகுதி வேறொரு பதிவேட்டில் 'தரிசு' என்றிருந்தால் அதை யார் காப்பது?

இன்னொன்று. கரிமூட்டம் போடுபவர்களுக்குச் சீமைக் கருவேலம்தான் பிழைப்பு. அந்த மரத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனாலும் அது நிற்கும் நிலத்தை 'யாருக்கும் பயன்படாதது' என்று சொல்லிவிட முடியாது.

ஓணானும் பருந்தும்

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மகாராட்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் சால்கேவாடி என்ற மேட்டுநிலத்தில் செய்த ஆய்வை 2018இல் வெளியிட்டார்கள். அங்கே காற்றாலைகள் உள்ள பகுதியும் இல்லாத பகுதியும் அருகருகே இருக்கின்றன. காற்றாலை இல்லாத பகுதியில், உள்ள பகுதியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாக வேட்டைப் பறவைகள் இருந்தன. பருந்து குறைந்த இடத்தில் அதன் இரையான விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகியிருந்தன. அத்தோடு நிற்கவில்லை. அந்த ஓணான்களின் இரத்தத்தில் அச்சத்தின்போது சுரக்கும் ஹார்மோன் குறைவாக இருந்தது, மனிதர் நெருங்கினாலும் மெதுவாகத்தான் ஓடின, உடல் மெலிந்திருந்தது, ஆண் ஓணானின் தொண்டை விசிறியில் நிறமும் மங்கியிருந்தது. கூட்டம் கூடியதால் உணவுக்குப் போட்டி என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

உணவுச் சங்கிலியை அம்புக்குறி போட்டு நடத்தும்போது மேல்கண்ணி அறுந்தால் கீழே என்ன ஆகும் என்று நாம் கற்பனையாகச் சொல்வோம். இது கற்பனையில்லை, எண்ணிப் பார்த்தது. காற்றாலையை இடித்துவிட வேண்டும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. வெற்றிடத்தில் வைத்திருக்கிறோம் என்று நினைத்த இடத்தில் அப்படியொரு உயிர்க்கூட்டம் இருந்தது என்பதுதான் அது காட்டுவது. தென்மாவட்டக் கரிசல் சமவெளிகளுக்குக் குளிர்காலத்தில் வந்து புல்தரையிலேயே இரவு தங்கும் பூனைப்பருந்துகளை நம் மாணவர்களும் பார்க்க முடியும்.

இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் இராஜஸ்தானுக்குப் போக வேண்டும். கானமயில் என்ற பெரிய புல்வெளிப் பறவை இன்று நாட்டில் 150க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த பறவை. உடல் கனமானது, நேர் முன்னால் பார்க்கும் பார்வையோ குறைவு. மின்கம்பியை அருகில் வந்துதான் காணும். அதற்குள் திரும்ப முடியாது. இராஜஸ்தானின் அந்தப் பாலைப் புல்வெளியில்தான் நாட்டின் மிகப் பெரிய சூரிய, காற்று மின் திட்டங்களும் வருகின்றன. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகுமாறு உத்தரவிட்டது. அவ்வளவு பரப்பில் உயரழுத்தக் கம்பிகளைப் புதைப்பது சாத்தியமில்லை, காலநிலை இலக்கும் பாதிக்கும் என்று அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்தப் பொது உத்தரவை விலக்கி, எங்கெங்கே எது முடியும் என்று பார்க்க நிபுணர் குழுவை அமைத்தது. காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படுவதும் அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கிய உரிமை என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

சமூக அறிவியல் வகுப்பில் அடிப்படை உரிமைகளை நடத்தும்போது இந்த வழக்கை எடுத்துக்கொள்ளலாம். இரு தரப்பும் சுற்றுச்சூழலின் பெயரால்தான் வாதாடின. நல்லவர், கெட்டவர் என்று பிரிக்க முடியாத வழக்கு மாணவர்களுக்குக் கிடைப்பது அரிது.

நம் சட்டத்தில் ஓர் இடைவெளியும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அனல்மின் நிலையம், சுரங்கம் போன்றவற்றுக்கு முன்அனுமதி வேண்டும். மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் உண்டு. சூரிய ஒளி நிலையத்துக்கும் காற்றாலைக்கும் அது தேவையில்லை. மாசில்லாத தொழில் விரைவாக வளரட்டும் என்ற நல்ல நோக்கம்தான். புகையில்லை என்பது உண்மை. ஆனால் நிலம் என்னவாகும் என்று கேட்க ஒரு மேடையும் இல்லாமல் போயிற்று. ஆயிரம் ஏக்கருக்கு மேல் போகும் நிலையத்துக்காவது ஒரு கருத்துக்கேட்பு இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வாங்காமல் வாடகைக்கு

கர்நாடகத்தின் துமகூரு மாவட்டம் பாவகடாவில் வேறொரு வழியை முயன்றார்கள். 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா, ஐந்து ஊர்களில் சுமார் 13,000 ஏக்கர். நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. விவசாயிகளிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாயில் தொடங்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை ஐந்து சதவீத உயர்வு. அடிக்கடி வறட்சி தாக்கும் ஊர்களில் மழையை நம்பாத வருமானம் இது. பட்டா கைவிட்டுப் போகவில்லை. இந்தியாவில் நடந்த முயற்சிகளில் இது மேலானது என்றே நினைக்கிறேன். குறையும் இருக்கிறது. குத்தகைப் பணம் நிலம் உள்ளவர் கைக்குப் போகிறது. அந்த நிலத்தில் களை எடுத்தவருக்கும் கதிர் அறுத்தவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் நிலத்தோடு சேர்ந்து வேலையும் போயிற்று. தகடு துடைக்கவும் காவல் காக்கவும் தேவைப்படுவோர் கொஞ்சம் பேர்தான்.

நிலத்தையே கேட்காத வழிகளும் உண்டு. அவற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் வகுப்பு கலகலப்பாகிவிடுகிறது. குஜராத்தில் 2012இல் நர்மதைக் கிளைக் கால்வாயின் மேல் 750 மீட்டர் நீளத்துக்குத் தகடுகளைக் கூரைபோல அமைத்து ஒரு மெகாவாட் எடுத்தார்கள். நீர் ஆவியாவதும் குறைகிறது. தூத்துக்குடியில் ஓர் உரத் தொழிற்சாலையின் நீர்த்தேக்கத்தில் சுமார் 25 மெகாவாட் அளவுக்குத் தகடுகள் மிதக்கின்றன. ஜோத்பூரின் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் தகடு வரிசைகளுக்கு இடையே பாசிப்பயறும் நரிப்பயறும் விளைவித்துப் பார்த்தது. தகடுகளில் விழும் மழைநீரையும் சேமித்தது. கொச்சி விமான நிலையத்தில் தகடுகளுக்கு நடுவே காய்கறி விளைகிறது. ஆனால் இவற்றில் செலவு கூடும். தகட்டை உயரத்தில் நிறுத்த இரும்பு அதிகம் வேண்டும். அதை மறைத்துவிட்டு 'எளிய தீர்வு' என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது.

பழைய காற்றாலைகளை மாற்றுவது எனக்கு இவற்றைவிடப் பிடித்த யோசனை. முப்பதாண்டுக்கு முன் நிறுத்தியவை 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். இன்று வருபவை ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று மெகாவாட். முப்பந்தல் போன்ற நல்ல காற்றுள்ள இடங்களைச் சிறிய பழைய இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அங்கேயே மாற்றி அமைத்தால் புதிதாக நிலம் தொடாமல் பலமடங்கு மின்சாரம் கிடைக்கும். தமிழ்நாடு அரசு 2024இல் இதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கிறது.

கூரைகளையும் மறக்க வேண்டாம். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி போதும். எங்கள் பள்ளியின் மொட்டைமாடியை எட்டாம் வகுப்பு மாணவர்கள் நாடா வைத்து அளந்தார்கள். தண்ணீர்த் தொட்டி, வேப்பமரத்தின் நிழல், நடக்கும் வழி எல்லாம் போக 20 கிலோவாட்டுக்கு இடமிருக்கிறது. ஆண்டுக்கு 28,000 யூனிட் என்று கணக்கிட்டு, பள்ளியின் மின்கட்டண அட்டையோடு ஒப்பிட்டார்கள். நம் தேவையைவிடக் கூடுதலாக வந்ததில் அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கூரைகள் மட்டுமே 500 ஜிகாவாட்டைத் தந்துவிடாது என்பதையும் அதே வகுப்பில் பெருக்கிப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

வகுப்பறைக் கிராம சபை

'சூரிய மின்சாரம்: நன்மையா தீமையா' என்று பட்டிமன்றம் வைப்பதை நான் விரும்புவதில்லை. அதில் கைதட்டல் கிடைக்கும், நிலம் கண்ணில் படாது. அதற்குப் பதிலாக ஒரு மாதிரிக் கிராம சபை நடத்தலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2க்கு முந்தைய வாரம் இதை வைத்துக்கொண்டால், விருப்பமுள்ள மாணவர்கள் பெற்றோருடன் உண்மையான சபைக்கும் போய்ப் பார்க்கலாம்.

அதற்கு முன் இரண்டு வார வேலை இருக்கிறது. ஊராட்சியில் தரிசு என்று சொல்லப்படும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மாத நாட்காட்டி தயாரிக்க வேண்டும்: சித்திரையில் அங்கே யார் வருகிறார்கள், புரட்டாசியில் என்ன முளைக்கிறது, மார்கழியில் எந்தப் பறவை. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டே பெரும்பகுதியை நிரப்பிவிடலாம். ஒரு காலையும் ஒரு மாலையும் நேரில் போய்ப் பறவைகளையும் ஆடுமாடுகளையும் எண்ணலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு அந்தப் புல எண்ணுக்கு அ-பதிவேட்டிலும் அடங்கலிலும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நாட்காட்டியையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்தால் போதும். மேற்கொண்டு நாம் விளக்க வேண்டியதில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் நாட்காட்டியை மட்டும் படங்களாகச் செய்யலாம். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மிக நன்றாகச் செய்கிறார்கள்.

சபையில் பட்டாதாரர், கூலித் தொழிலாளி, கீதாரி, கண்மாய்ப் பாசனக்காரர், நிறுவன அலுவலர், மின்வாரியப் பொறியாளர், வனத்துறைக்காரர் என்று வேடங்கள். ஒரே ஒரு விதி: வேண்டும், வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. எந்தப் புலம், எவ்வளவு பரப்பு, என்ன நிபந்தனை என்று சொல்ல வேண்டும். வேடங்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட வீட்டுப் பிள்ளையிடம் பட்டாதாரர் வேடத்தைத் தூக்கிக் கொடுத்து, மற்றவர்கள் கேள்வி கேட்கும்படி விட்டுவிடக் கூடாது. கடன் அடைக்கவோ மகளின் படிப்புக்கோ நிலத்தைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

எங்கள் வகுப்பில் இரண்டு பாடவேளைகள் எடுத்துக்கொண்டார்கள். கேட்ட நூறு ஏக்கரில் அறுபது ஏக்கருக்குச் சம்மதம் என்று முடிவானது. வரத்துக்காலின் இரு கரையிலும் முப்பது அடி விட வேண்டும், மந்தை போகும் பாதைக்கு வேலி குறுக்கே வரக் கூடாது, ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது, நிலம் குத்தகைக்குத்தானே தவிர விற்பனைக்கு இல்லை என்று நிபந்தனைகள். மின்வாரியப் பொறியாளராக இருந்தவன், மீதி நாற்பது ஏக்கருக்குரிய மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்டான். துணைமின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர்களின் பள்ளி, ரேஷன் கடை, கூட்டுறவுச் சங்கக் கூரைகளைக் கணக்கிட்டார்கள். நான்கு ஏக்கருக்குக்கூட ஈடாகவில்லை. அதையும் தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

கூலித் தொழிலாளி வேடம் போட்ட மாணவன் கடைசியில் எழுந்து, குத்தகைப் பணத்தில் தனக்கு என்ன பங்கு என்று கேட்டான். ஆண்டுக்கு இத்தனை நாள் வேலை உறுதி என்றார் நிறுவன அலுவலர். அறுபது ஏக்கரில் எத்தனை பேருக்கு என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. ஊராட்சிக்கு ஏக்கருக்கு ஒரு தொகை கட்டினால் அதிலிருந்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். எவ்வளவு தொகை என்று வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. அந்தத் தீர்மானம் மட்டும் நிறைவேறாமல் நிற்கிறது. இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கும் மாணவர்களிடம் தீர்மானப் புத்தகத்தை அந்தப் பக்கத்திலேயே திறந்து கொடுக்கப் போகிறேன்.